உழைப்பவரை வெளியேற்றி உயரும் மாடிகள்

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பைத் தீவு நகரில் 33.38 லட்சம் பேர் வாழ்ந்தனர். 2011இல் அது 30.85 லட்சமாகக் குறைந்துவிட்டது. அதே காலத்தில்தான் பரேல், லால்பாக், வொர்லி பகுதிகளின் ஆலை நிலங்களில் அடுக்குமாடிகள் வானளாவ எழத் தொடங்கின. வீடுகள் பெருகுகின்றன; மக்கள் குறைகின்றனர். இந்த முரண்பாட்டின் விடை நிலத்தின் உடைமையில் இருக்கிறது.

கிராண்காவ் எனப்படும் இந்த ஆலைப் பகுதியில் 1928இலேயே கிர்னி காம்கார் சங்கத்தின் செங்கொடி பறந்தது. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினர். அதன் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. துணி உற்பத்தியைவிட நிலம் அதிக லாபம் தரும் என்பதை முதலாளிகள் கண்டுகொண்டனர்.

ஆலை நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991ஆம் ஆண்டின் 58ஆவது வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி, அதில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும், ஒரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியதை உரிமையாளருக்கும் ஒதுக்கியது. 2001இல் காங்கிரஸ் தலைமையிலான மாநில அரசு அதைத் திருத்தியது. கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. ஆலை வளாகங்களில் காலி நிலம் சொற்பமே என்பதால், பொதுமக்களுக்குரிய பங்கு சுருங்கியது. 2006இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லின் விளக்கத்தை மாற்றியே நூற்றுக்கணக்கான ஏக்கரின் பயனைக் கைமாற்றிவிட்டனர்.

தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு எதிரே, 2012இல் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகளே இருந்தன. இப்போது 70 கிலோமீட்டருக்கு அப்பால் வாங்கணியிலும் ஷேலுவிலும் வீடு தருகிறோம் என்கின்றனர். ஆலையைச் சுற்றியே வாழ்ந்த குடும்பங்கள் இதை எதிர்த்துப் போராடுவது முற்றிலும் நியாயமே.

பழைய சால்களின் வாழ்க்கையைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. 160 சதுர அடி அறையும் பொதுக் கழிப்பறையும் யாருடைய கனவும் அல்ல. புதிய வீடு மக்களின் உரிமை. ஆனால், வீட்டைக் கொடுத்துவிட்டு, மின்தூக்கிக்கும் தண்ணீர் ஏற்றுவதற்கும் மாதாமாதம் தாங்க முடியாத பராமரிப்புக் கட்டணத்தைச் சுமத்தினால், அந்த வீடும் விற்பனைக்கு வந்துவிடும். வெளியேற்றத்தைப் புல்டோசர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சந்தையே செய்து முடிக்கும்.

இது மும்பையின் கதை மட்டும் அன்று. 2012இல் ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி எனக் கணித்தது. அதில் 95 விழுக்காட்டிற்கும் மேல் ஏழை, குறைந்த வருவாய்ப் பிரிவினருடையது. 2011 கணக்கெடுப்போ நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காட்டியது. வீடு குடியிருப்பதற்கான இடமாக அல்லாமல் பணத்தைப் போட்டு வைக்கும் பெட்டகமாகிவிட்டதன் விளைவே இது.

அடுத்த களம் தாராவி. தலைமுறைகளாகத் தமிழ் உழைப்பாளர்களும் வாழும் அப்பகுதியின் மறுசீரமைப்பு நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்தின் கையில் உள்ளது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தோரும் மேல்தளத்தில் வசிப்போரும் வெளியே செல்ல வேண்டும். கீழே பட்டறையும் மேலே குடியிருப்புமாக இயங்கும் பகுதியில் இது தொழிலையும் வாழ்வையும் ஒருசேரப் பிளக்கும். ஆட்சிகள் மாறின, நிலக் கொள்கை மாறவில்லை.

தகுதித் தேதியைக் காட்டிக் குடியிருப்போரைக் கூறுபோடாதே; வசிக்கும் இடத்திலேயே அனைவருக்கும் வீடும் தொழிலிடமும் வழங்கு; பொது நிலத்தில் பொது வாடகை வீடுகளைக் கட்டு; பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு வரி விதி. இக்கோரிக்கைகளில் வாடகைதாரரையும் வீட்டுக்காரரையும், பல மொழி பேசும் உழைப்பாளரையும் ஒன்றுதிரட்டுவதே தோழர்களின் முன்னுள்ள கடமை. கிராண்காவில் ஆலை மூடிய பிறகுதான் நிலத்தைப் பற்றிய போராட்டம் வலுப்பெற்றது. தாராவியில் அந்தத் தாமதம் கூடாது.