தொப்பியைக் கழற்றாத தொழிலாளி

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் ‘பாஸ்டன் தேநீர் விருந்து’ படித்தது பலருக்கும் நினைவிருக்கும். 1773 டிசம்பர் 16 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் பழங்குடியினர் போல வேடமிட்ட ஒரு கூட்டம் மூன்று கப்பல்களில் ஏறியது. ஆங்கிலேய அரசின் தேயிலை வரியை எதிர்த்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது. அமெரிக்கப் புரட்சிக்கு வழிவகுத்த இரவு அது.

சரி, கொட்டிய கைகள் யாருடையவை? ஒரு பெயராவது சொல்ல முடியுமா?

ஒருவர் பெயர் ஜார்ஜ் ஹியூஸ். 1742-ல் பாஸ்டனில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளி. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம்தான். இளம் வயதில் ராணுவத்தில் சேரப் போனபோது, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் விடவில்லை. செருப்பின் குதிகாலை உயர்த்தித் தைத்து, காலுறைக்குள் காகிதமும் கந்தையும் திணித்துக்கொண்டு மறுபடியும் போய் நின்றார். அதிகாரி ஏமாறவில்லை! தொழிலிலும் பெரிய வருமானம் இல்லை. உடை தைத்த கடனை அடைக்க முடியாமல் சிறைக்கும் போய் வந்தார்.

தேயிலை கொட்டிய இரவில் இவருக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது. நன்றாக விசில் அடிப்பார் என்பதற்காகவே குழுத் தலைவருக்கு உதவியாளராக்கினார்கள். கப்பல் தலைவரிடம் போய்ச் சாவியும் மெழுகுவத்தியும் கேட்டு வாங்கியது இவர்தான். கூட்டத்தில் ஒருவன் தேயிலையைத் தன் உடைக்குள் ஒளித்தபோது பிடித்து இழுத்ததும் இவர்தான்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? ஹியூஸ் கைப்பட எழுதிய நூல் எதுவும் இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்தில் ஏழ்மையில் வாழ்ந்துகொண்டிருந்த அந்தக் கிழவரை இரண்டு எழுத்தாளர்கள் தேடிப் பிடித்தார்கள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு 1834-ல் ஒரு நூலும், 1835-ல் இன்னொரு நூலும் வந்தன. ‘தேநீர் விருந்து’ என்ற பெயரே அந்தக் காலத்தில்தான் அச்சில் பரவியது. அதுவரை மக்கள் அதை ‘தேயிலையை அழித்த சம்பவம்’ என்றுதான் சொல்லி வந்தார்கள். 1835-ல் பாஸ்டனுக்கு அழைத்துக் கொண்டாடினார்கள்; ஓவியம் வரைந்தார்கள். 1840-ல், 98 வயதில் அவர் இறந்தார். பிறகு பெரும்பாலும் மறந்துவிட்டார்கள்.

அவரை மீண்டும் வெளியே கொண்டுவந்தவர் ஆல்பிரட் யங் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். 1981-ல் ஒரு நீண்ட கட்டுரை, 1999-ல் ஒரு நூல். தலைவர்களைப் பற்றி எழுதுகிறவருக்குக் கடிதங்கள், நாட்குறிப்புகள் என்று ஆதாரங்கள் குவிந்து கிடக்கும். செருப்புத் தொழிலாளிக்கு என்ன இருக்கும்? கடன் வழக்கு, பிறப்புப் பதிவு, ராணுவப் பதிவு. இவற்றோடுதான் யங் அந்தக் கிழவரின் ஒவ்வொரு நினைவையும் ஒத்துப் பார்த்தார்.

வயதுக் கணக்கு உதைத்தது. நூறு வயதுக்காரர் என்று கொண்டாடியபோது அவர் தொண்ணூறைத்தான் தாண்டியிருந்தார். ஆனால், சம்பவங்களைப் பொறுத்தவரை அவர் நினைவு பெரும்பாலும் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. ‘அன்று இரவு ஜான் ஹான்காக்கும் நானும் சேர்ந்துதான் ஒரு பெட்டியை உடைத்தோம்’ என்று ஹியூஸ் உறுதியாகச் சொன்னார். ஹான்காக் பாஸ்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். பின்னாளில் விடுதலைப் பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர். அத்தனை பெரிய புள்ளி அந்தக் கப்பலில் ஏறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வேறொருவர் என்றால் ‘கிழவருக்குத் தடுமாற்றம்’ என்று அந்த வரியை அடித்துவிட்டுப் போயிருப்பார். யங் அங்கேயே நின்றார். ஏன் இப்படி நினைக்கிறார் என்று யோசித்தார்.

ஹியூஸ் சொன்ன வேறொரு சம்பவத்தில் விடை இருந்தது. இளைஞனாக இருந்தபோது ஹான்காக்கின் செருப்பைச் செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறார். புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார் ஹான்காக். அந்த மாளிகைக்குள் நடுங்கிக்கொண்டே போய், ஒரு வெள்ளி நாணயத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு வந்தவர் ஹியூஸ். பத்தாண்டுகள் கழித்து அதே பெரிய மனிதரோடு தோளோடு தோள் நின்று பெட்டியை உடைத்ததாக அவர் மனம் பதிந்து வைத்திருக்கிறது. நடந்தது அதுவல்ல. ஆனால், புரட்சி அந்த ஏழைக்கு என்ன கொடுத்தது என்பது அந்தத் தவறான நினைவில்தான் இருக்கிறது.

அது வெறும் நினைவோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் ஒரு கப்பலில் வேலைக்குச் சேர இருந்தார். தன்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றவில்லை என்று அந்தக் கப்பலின் அதிகாரி கடிந்துகொண்டார். எந்த மனிதனுக்காகவும் தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று அந்தக் கப்பலையே உதறிவிட்டு, வேறு கப்பலில் ஏறிவிட்டார் ஹியூஸ்.

போர் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது. ஹான்காக் மாகாண ஆளுநர் ஆனார். ஹியூஸ் கடைசிவரை ஏழையாகவே இருந்தார். புரட்சியின் கணக்கில் இந்த இரண்டு வரிகளும் இருக்க வேண்டும். தலைவர்களின் வாழ்க்கையை மட்டும் படித்தால் ஒரு வரிதான் கிடைக்கும். பேர் தெரியாத மனிதர்களைத் தேடி எழுதும் நூல்களின் அவசியம் இதுதான்.

வீட்டுப் பெரியவர் ஒருவர் தான் பார்த்த போரையோ போராட்டத்தையோ சொல்லும்போது, ‘அந்த வருஷம் இல்லையே தாத்தா’ என்று உடனே திருத்த வேண்டாம். போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். வருஷத்தைப் பிறகு எந்த நூலிலும் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளை அவர் ஏன் அப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதை மட்டும், அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.