கால் தவறவில்லை

போன மாசம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். எங்க தெருவுல மாடி வீடு ஒண்ணு கட்டுறாங்க. அங்க வேலை பார்த்த கொத்தனார் ஒருத்தர் ரெண்டாவது மாடியில இருந்து விழுந்து, இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருக்கார். மேஸ்திரிகிட்ட கேட்டேன். "பார்த்து நடக்கல தம்பி, கால் தவறிட்டு"ன்னார்.

மேல ஏறிப் பார்த்தேன். வெட்டிப் போட்ட கம்பித் துண்டு, ஆணி நீட்டிட்டிருக்கற பலகை, ஒயர்... எல்லாம் நடக்குற வழியிலேயே கிடக்கு. ஓரத்துல குறுக்க ஒரு கம்பு கூடக் கட்டலை. தடுக்கினா நேரா கீழதான்!

பொட்டி தட்டுற எங்க தொழில்ல இதுக்கு 'யூசர் எர்ரர்'னு பேர். நாம எழுதினதுல ஓட்டை இருக்கும். பழி மட்டும் பயன்படுத்துறவர் தலையில. பேப்பர்லயும் அதேதான்: 'கால் தவறி விழுந்து தொழிலாளி பலி'. அஞ்சு வரி, அவ்வளவுதான். எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்துல 2025 செப்டம்பர் 30 அன்னிக்கு சாரம் சரிஞ்சு 9 பேர் இறந்தப்போ நாடே பேசுச்சு. ஒவ்வொருத்தரா விழுந்தா யாரும் பேசுறதில்லை.

சட்டம் இல்லாம இல்லை. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996லயே வந்தாச்சு. நடைபாதையில குப்பை, கம்பி கிடக்கக் கூடாது, திறந்த குழியை மூடணும், இல்லேன்னா தடுப்பு வைக்கணும்னு 1998 மத்திய விதிகள்ல தெளிவா இருந்துச்சு. அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த புது தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர்ல அமலுக்கு வந்திருக்கு. சட்டம் மாறிடுச்சு, எங்க தெரு மாடி மாறலை.

எங்க ஊர்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. கல்லைக் கட்டிக் கடலுக்குள்ள இறங்குறவருக்கு மேல தோணியில கயிறு பிடிக்க ஒருத்தர் இருப்பார். மூச்சை அடக்குறது உள்ள போறவர் திறமை. ஆனா அவரை மேல இழுக்குறது இன்னொருத்தர் பொறுப்பு. மூழ்கினா 'மூச்சு தவறிட்டு'ன்னு கயிறு பிடிச்சவர் தப்பிக்க முடியுமா?

லோன் போட்டு வீடு கட்டுற மக்களே, டைல்ஸ் கலர் பார்க்கப் போறப்போ மாடி ஓரத்தையும் ஒரு தடவை பாருங்க. குறுக்க ரெண்டு சவுக்குக் கம்பு, சாயங்காலம் பெருக்க ஒரு ஆள், லிஃப்ட் குழிக்கு ஒரு மூடி. கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க. காசு கொடுக்குறது நாம. கயிறு நம்ம கையிலயும் இருக்கு.