வெட்டுண்ட முகங்கள்

சங்கரன்கோவில் ஆடித்தபசுக் காட்சிக்கு வரும் மூதாட்டியர் சிலரின் கழுத்தில், லக்ஷ்மியின் உருவம் பொறித்த காசுகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து மின்னும் காசுமாலையைக் காணுந்தோறும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்த ரோமாபுரிப் பொற்காசுகளின் ஞாபகம் எனக்கு எழுவதுண்டு. அவற்றிலும் சில, துளையிடப்பட்டும் வளையம் பற்றவைக்கப்பட்டும் ஆபரணங்களாயின அல்லவா?

கொற்கை முத்துக்கும் சேரநாட்டு மிளகுக்கும் விலையாக வந்த அக்காசு, பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது; எடையில் நமது பவுனுக்குச் சற்றே குறைவு. திபேரியஸ் சக்கரவர்த்தியின் காசில் ஒருபுறம் தழைமாலை சூடிய அவன் சிரசும், மறுபுறம் கோலும் தளிர்க்கிளையும் ஏந்தி ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண்ணுருவமும் உள்ளன. அவள் அவன் தாய் லிவியா என்பர் அறிஞர் பலர். நம் ஊர்ப் பெண்ணொருத்தி அவளைத் திருமகளாகவே கண்டிருக்கக் கூடும் என்று எண்ண எனக்கு ஆசை.

1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு இருந்தது. பொன் மெய்யானதா என்று சோதித்த வடு என்பாரும் உளர். சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமே, முகத்தையே தேடி வெட்டுவானேன்? அந்நிய அரசனின் முத்திரை இங்குச் செல்லாது, பொன்னின் எடையே செல்லும் என்பதற்கு இட்ட அடையாளம் அது என்றே நான் கருதுகிறேன். ஒரே ஒரு காசு கிடைத்திருந்தால் அதைச் சிதைந்த காசு என்று ஒதுக்கியிருப்போம். நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடைத்ததனாலன்றோ வெட்டுக்கு அர்த்தம் பிறந்தது!

ஆதலின், உழும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பழங்காசு அகப்பட்டால், அதைப் பட்டறையில் உருக்கக் கொடுப்பது பெரும் பாதகம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவிப்பது கடமை என்பதை அறிந்தவர்களும், கொடுத்தால் கைக்கு ஒன்றும் வாராது என்றஞ்சி மறைப்பது இயல்பே. அவ்வச்சம் தீருமாறு, கண்டெடுத்தவனுக்குரிய பங்கை அரசாங்கம் தாமதமின்றி அளிக்க வேண்டும். காசுகளைப் பல ஊர்களுக்குப் பிரித்தனுப்பாமல், கிடைத்த மண்கலத்தோடு சேர்த்து, நம்மவர் ஒரே பகலில் போய்வரக்கூடிய பாளையங்கோட்டை அருங்காட்சியகத்தில் வைக்கட்டும்.