தேர் எங்களுடையது, பேருந்து யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காடு சேர்வராயன் கோயில் தேர்த் திருவிழாவைச் சுற்றுலாப் பயணிகள் கண்டு மகிழ்ந்தார்கள் என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. என் அம்மா தேரைப் பார்க்கவில்லை. அதையும் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 74. எங்கள் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறிக்கிடக்கும் கொடிகளில் முதலில் பறிக்கிற மிளகில் ஒரு கைப்பிடியை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார். தேரன்று அதைச் சேர்வராயன் காலடியில் சேர்த்தால்தான் அவருக்கு அந்த வருஷம் கணக்கு முடிந்தது. அப்பா இறந்த வருஷம் தவிர எப்போதும் தவறியதில்லை.

இந்த முறை காலையிலேயே வெள்ளக்கடையில் பேருந்து ஏறினோம். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கோயிலுக்கு இன்றைக்கு லைன் பஸ் கிடையாதாம், கூட்டம் அதிகமாம். ஆனால் எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு பேருந்து கோயிலுக்குக் கிளம்பியது. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கான வண்டி, முன்பணம் கட்டியவர்கள் மட்டும் ஏறலாம் என்றார்கள். ஜன்னலோரம் பல இருக்கைகள் காலியாக இருந்தன. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையசைத்தது. அம்மாவும் கையசைத்தார்.

ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம். ஜீப்புக்குக் கேட்ட வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நடந்தோம். பாதி வழியில் ஒரு பாலத்துச் சுவரில் அம்மா உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து மேளச் சத்தம் கேட்டது. "தேர் கிளம்பிடுச்சுடா" என்றார், அவ்வளவுதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்திருந்தது.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். கோயில் குகைக்குள் சாமி கும்பிட வரிசையில் நின்றோம். நம் கோயில் வாசல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், யாராக இருந்தாலும் முதுகு வளைத்துத்தான் நுழைய வேண்டும். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து, "உள்ளூர்க்காரங்க கொஞ்சம் ஒதுங்குங்க, தூரத்துலேர்ந்து வந்தவங்க முதல்ல பார்க்கட்டும்" என்றார். ஒதுங்கினோம். எங்கள் முறை வந்தபோது ஒரு பையன் செல்போனை நீட்டி, "பாட்டி, இன்னொரு தடவை குனிஞ்சு வாங்க, வீடியோ சரியா விழலை" என்றான். அம்மாவுக்கு மூட்டு வலி. அந்தப் பையன் மனம் நோகக்கூடாது என்று மறுபடியும் குனிந்தார். ஆசிரியர் அவர்களே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வெளியூர்க்காரர்கள் வந்தால்தானே வியாபாரம் என்பார்கள். நானே அவர்களிடம் மிளகும் பலாப்பழமும் விற்கிறவன்தான். வரட்டும். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் எங்களோடு தரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டார்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய எங்கள் முன்னோர்களான மூன்று அண்ணன் தம்பிகளின் கதையை அம்மாவிடம் கேட்டுக்கொண்டார்கள். திருவிழா பார்க்க வருகிறவர் அப்படித்தான் வருவார். என் கோபம் அவர்கள் மீது இல்லை.

மலைப்பாதை குறுகல், நெரிசல் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். ஒரு லைன் பஸ்ஸில் அறுபது பேர் போகலாம். அதை நிறுத்திவிட்டு நாலு நாலு பேராகக் கார்களை மேலே விட்டால் நெரிசல் குறையுமா? பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குச் சேலத்திலிருந்து சிறப்புப் பேருந்து விடத் தெரிகிறது. சேர்வராயன் மலையில் சேர்வராயனைக் கும்பிட வருகிற மலைக்கிராமத்து ஜனங்களுக்கு விட மட்டும் வண்டி இல்லையா? கோடை விழாவுக்கு அண்ணா பூங்காவில் பூக்களால் கோபுரம் கட்ட மாதக்கணக்கில் திட்டம் போடுகிறவர்கள், வருஷத்தில் ஒரே நாள் வரும் எங்கள் தேருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தார்களா? எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா? மேடையில் பழங்குடியினர் நடனம் வேண்டுமென்றால் மட்டும் எங்கள் ஊர்களுக்கு ஆள் அனுப்பத் தெரிகிறது. கும்பிட வரும்போது நாங்கள் இடைஞ்சலாகிவிடுகிறோம்.

அடுத்த வருஷம் தேரன்று விடியற்காலையிலிருந்து எல்லா மலைக்கிராமங்களிலிருந்தும் கோயில் வாசல்வரை லைன் பஸ் ஓட வேண்டும். வயதானவர்களுக்குக் குகை வாசலில் தனி வரிசை வேண்டும், உள்ளூர் வெளியூர் என்ற பேச்சே இருக்கக் கூடாது. குகைக்குள் செல்போனுக்கு இடமே கொடுக்கக் கூடாது. இதற்குப் பொறுப்பானவர்கள் யாரோ, அவர்கள் இதே பக்கத்தில் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளக்கடை, ஏற்காடு.