தண்ணி குடிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி

வெயில் ஆரம்பிச்சாச்சு. "நிறைய தண்ணீர் குடியுங்கள், 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்" போஸ்டரும் வந்தாச்சு. சந்தையில தரையில சாக்கு விரிச்சு தக்காளி விக்கிற அக்கா 12 முதல் 3 வரை எங்க போவாங்க? கொஞ்சம் நீளமான இழை.

முதல்ல தண்ணி. இந்தப் பெண்கள் தெரிஞ்சேதான் தண்ணி குடிக்கறதில்லை. அறியாமை இல்லீங்க, கணக்கு. விடியக்காலை 3 மணிக்கு மொத்த மார்க்கெட்ல சரக்கு எடுத்துட்டு வந்து ராத்திரி வரைக்கும் உட்காரணும். பக்கத்துல கழிப்பறை இருக்காது. இருந்தா பூட்டியிருக்கும். திறந்திருந்தா தடவைக்கு 5 ரூபா, 10 ரூபா. உள்ள தண்ணி வராது. போயிட்டு வர்ற வரைக்கும் கடையை யார் பாக்கறது?

அதனால குடிக்காமலே இருக்காங்க, வந்தாலும் அடக்கிக்கறாங்க. சிறுநீர் அடர்த்தியாகி கல் சேருது. தேங்குற சிறுநீர்ல கிருமி பெருகி நீர்க்கடுப்பு. கவனிக்காம விட்டா குளிர்காய்ச்சலோட தொற்று கிட்னி வரைக்கும் ஏறும். சர்க்கரை இருந்தா இன்னும் மோசம். கர்ப்பிணின்னா குறைப்பிரசவ ஆபத்து. நடுவுல இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுற டைக்ளோபெனாக் வேற. நீர் வத்திப்போன உடம்புல அது கிட்னிக்கு விழுற அடி. இதைப் புரிஞ்சுக்க நெப்ராலஜிஸ்ட் வேண்டாம், எம்பிபிஎஸ் போதும்.

ஓபியில 5 நாள் ஆன்டிபயாடிக் எழுதித் தர்றோம். ஆறாவது நாள் அதே சாக்கு, அதே பூட்டு.

மழைக்காலம்னா எலிக்காய்ச்சல். அழுகின காய்கறிக் கழிவு, அதைத் தின்ன வர்ற எலி, அதோட மூத்திரம் கலந்த சேறு, அதுல வெறுங்காலோட மூட்டை தூக்குற அண்ணன். கால் வெடிப்பு வழியா கிருமி உள்ள போயிடும். காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தா "சாதாரண ஜுரம்"னு ஊசி போட்டுட்டுப் போகாதீங்க, உடனே ஜிஎச் வாங்க. டாக்ஸிசைக்ளின் விலை குறைவான மாத்திரை. குப்பையை தினமும் அள்ளினா அதுவும் பல பேருக்குத் தேவைப்படாது.

"கட்டிக் கொடுத்தாலும் நாசம் பண்ணிடுவாங்க சார்"னு ஒருத்தர் வருவார். அவர் ஆபீஸ் கழிப்பறையை அவரா கழுவறார்? சம்பளம் கொடுத்து ஆள் போட்டிருக்கோம், அதான் சுத்தமா இருக்கு. சந்தையிலயும் சுங்கம் வசூலிக்கறீங்களே. மழையோ வெயிலோ ரசீது கிழிக்க ஆள் தவறாம வர்றார். கழுவ மட்டும் ஆள் இல்லையா?

முடியாதுன்னு சொல்லாதீங்க. 2020 மே மாசம் கோயம்பேட்டிலிருந்து கொரோனா பல மாவட்டத்துக்குப் பரவினப்போ, ஒரே வாரத்துல காய்கறி மார்க்கெட்டையே திருமழிசைக்கு மாத்தினாங்க. நோய் சந்தையிலிருந்து நம்ம வீட்டுக்கு வந்தா ஒரு வாரம். சந்தைக்காரங்க உடம்போடயே நின்னுட்டா வருஷக்கணக்கு.

2021ல கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரணும்னு சட்டம் வந்துச்சு. நல்ல சட்டம், தரையில கடை போடுறவங்களைத் தொடாது. 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சாங்க. வெயில்ல செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம். உயிரோட இருக்கும்போது தலைக்கு மேல ஒரு தகர ஷீட், பக்கத்துல திறந்திருக்கிற இலவசக் கழிப்பறை, இதுக்கு எவ்வளவு ஆகும்?

டாக்டர் நண்பர்களே, நீர்க்கடுப்புன்னு வர்றவங்ககிட்ட "வேலை செய்யற இடத்துல பாத்ரூம் இருக்காம்மா?"ன்னு கேட்டு ஓபி சீட்டுலயே எழுதுங்க.

மத்தவங்க, உங்க ஊர் சந்தைக் கழிப்பறையை எத்தனை மணிக்குப் பூட்டறாங்க, பெண்கள்கிட்ட எவ்வளவு வாங்கறாங்கன்னு பாத்துட்டு ஊர்ப் பேரோட கீழ போடுங்க.