மான்கொம்பு வெளுக்கிறது

ஊருக்குப் போய்த் திரும்பும் நம் தோழர்களின் பையில் கருவாடு இருக்கும், கருப்பட்டி இருக்கும். முன்பெல்லாம் கிளை விரிந்த வெள்ளைக் கடற்கல் ஒன்றும் இருக்கும். கண்ணாடி அலமாரியிலோ சாமி மாடத்திலோ அது ஏறிவிடும். தாராவியில் எத்தனையோ வீடுகளில் நாம் பார்த்திருக்கிறோம். அது கல் அல்ல, செத்த உயிரின் எலும்பு. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைக்கப்பட்ட உயிர். அதை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறையை நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். அங்கே மான்கொம்பு போலக் கிளைத்து வளரும் பவளத்துக்கு அறிஞர்கள் வைத்த பெயர் அக்ரோபோரா. சில மில்லிமீட்டர் அளவே உள்ள உயிர்கள் ஆயிரமாயிரம் கூடி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கட்டும் குடியிருப்பு அது. குண்டாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே பெரிது. கிளைப்பவளமோ நல்ல நீரில் 10 சென்டிமீட்டர் கூட நீளும். வளரும் கிளையின் நுனி மட்டும் வெளிறியிருக்கும். அது நோயல்ல, தளிர். கிளை முழுவதும் வெளுத்தால்தான் கெட்ட சேதி. அந்தக் கிளை இடுக்கில்தான் மீன்குஞ்சுகள் பெரிய மீனுக்குத் தப்பிப் பிழைக்கின்றன. பார் செத்தால் நாட்டுப்படகுக்காரன் வலை காயும். வலை காய்ந்தால் அவன் மகன் தகரப்பெட்டியோடு நம் நிலையத்தில் வந்து இறங்குவான். நம்மில் பலர் வந்த வழியும் அதுதானே!

முதல் கொள்ளையை மறைக்க வேண்டியதில்லை. 1960-களிலிருந்து பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, படகு படகாக ஏற்றி, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். தோண்டியவன் கூலிக்காரன், லாபம் கண்டவன் கரையில் இருந்தான். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் தோண்டல் நிற்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் அது அநேகமாக ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையை உடைக்கப் பார் இல்லையென்றால் மணல் நிற்குமா?

இப்போதைய எதிரிக்குக் கடப்பாரை வேண்டாம். பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி ஒன்று குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகக் காய்ந்து சில வாரம் நின்றால் அந்தப் பாசி போய்விடும். நிறம் போகும், பட்டினி தொடங்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இப்படி வெளுத்தது. 2016-ல் அதிகம் அடிபட்டவற்றில் வேகமாக வளரும் கிளைப்பவளமும் ஒன்று. 2024 ஏப்ரலில், உலகு தழுவிய நான்காவது வெளுப்பு நடக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பார் கட்டும் பவள இனங்களில் 44 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணக்குச் சொன்னது. 2008-ல் அது மூன்றில் ஒரு பங்காக இருந்தது.

கடலைக் காய்ச்சுவது நிலக்கரிப் புகையும் எண்ணெய்ப் புகையும். நாமும் நிலக்கரி வேகன்களுக்கு ரசீது எழுதியவர்கள்தான், கை சுத்தம் என்று சொல்லவில்லை. ஆனால் தண்டனை யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

விரலில் துணி சுற்றி, காலில் அலுமினியத் தகடு கட்டி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களைப் பூங்காவின் பெயரால் தீவுப் பக்கம் வராதே என்று விரட்டினார்கள். பாசியையும் படகையும் பறித்தார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? தாங்களாகவே கூடி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களை அணிதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. எந்த அதிகாரியும் எழுதிக் கொடுத்த கட்டுப்பாடல்ல அது.

மறுபக்கம், காப்பாபைகஸ் என்ற அந்நிய நாட்டுப் பாசியைப் பாக் நீரிணைப் பக்கம் வணிகத்துக்காக வளர்க்க அனுமதி கொடுத்தார்கள். 2008-ல் அது குருசடைத் தீவின் கிளைப்பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து மூச்சை முட்டவைப்பது தெரியவந்தது. நம் சகோதரிகள் பலருக்கு அந்தப் பாசி வளர்ப்பில் கூலி கிடைப்பதும் உண்மைதான். 2023-ல் அதே மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. வேலை வேண்டும் என்றுதான் நாமும் சொல்கிறோம். பார் இருக்கும் பக்கம் அந்நியப் பாசி போகாது என்பதற்கு யார் பொறுப்பு? படர்ந்தால் அள்ளி எடுக்கும் செலவு யாருடையது? இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறோம்.

தூத்துக்குடியில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே உயிருள்ள கிளைத்துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். நல்ல வேலை. நட்டதைக் காவல் காக்கவும், வெளுப்பைக் கணக்கெடுக்கவும் பாரை அறிந்த மீனவரையும் பாசிப்பெண்களையும் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். அந்தப் பாரின் மேல் இழுவைமடி போடும் விசைப்படகு முதலாளியைப் பிடிக்கிற அதிகாரமும் அவர்களுக்கு இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறோம். நிறைவேறியதும் சென்னைக்கும் டெல்லிக்கும் போகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிள்ளைகளின் கோடை விடுமுறையும், கடல் காயும் காலமும் அதுவே. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடிப் பக்கம் போகிற தோழர்கள் கடலுக்குப் போகும் உறவினரிடம் எந்தப் பார், எந்த மாதம் வெளுத்தது என்று கேட்டு ஒரு தபால் அட்டையில் எழுதிச் சங்க அலுவலகத்துக்குப் போடுங்கள். கூட்டத்துக்கு முன் வந்து சேர்ந்தால் தீர்மானத்தோடு இணைத்துவிடலாம்.