எந்த விமானக் கம்பெனி நிற்கும்?

எங்கள் தெருப் பையன் ஒருவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன வாரம் ஊருக்கு வந்திருந்தவன், சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். கையில் போன்.

"தாத்தா, வைகாசியில கோயில் கொடை. இப்பவே டிக்கெட் போட்டா சல்லிசாக் கெடைக்கும். ஆனா அதுவரைக்கும் அந்தக் கம்பெனி இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் உவரிக்கோ சாத்தான்குளத்துக்கோ போக நின்றால், "பஸ் வருமா?" என்று கேட்போம். பஸ் கம்பெனி உயிரோடு இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் பையன் கேட்டது நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குக் காசு கட்டி விடை தெரிந்துகொண்டவன் நான்.

சில வருஷங்களுக்கு முன் மகளுக்குப் பிரசவ நேரம். அவள் இருப்பது பூனாவில். நானும் வீட்டுக்காரியும் சென்னையிலிருந்து போக இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட் போட்டிருந்தோம். போக வேண்டிய நாளுக்குச் சில தினங்கள் முன்பு அந்தக் கம்பெனி பறப்பதையே நிறுத்திவிட்டது. பெயர் வேண்டாம், போனதைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ரயிலில் இடம் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேரன் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் ஆளாகப் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டியவள், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிக்கெட் பணம் இன்றுவரை வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் கொடுத்த மனுக்களைக் கோப்பில் சேர்த்து எண் போட்டவன் நான். கடைசியில் என் மனுவுக்கு ஓர் எண் கிடைத்ததோடு சரி.

அதனால் இந்த விமானக் கம்பெனிகளின் வாழ்வையும் சாவையும் ஒரு குமாஸ்தாவின் புத்தியோடு கவனித்து வருகிறேன். கவனித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

முதலில் பழைய கணக்கு. நம் சென்னையிலிருந்தே ஒரு கம்பெனி பறந்தது, நினைவிருக்கிறதா? என்.இ.பி.சி. காற்றாலை செய்து கொண்டிருந்த குழுமம். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காற்றை நம்பித் தொழில் செய்தவர்கள் ஆகாயத்துக்கும் போனார்கள். 1995-ல் டமானியா என்ற கம்பெனியை வாங்கினார்கள். 1997-ல் இரண்டும் சேர்ந்தே தரையில் உட்கார்ந்துவிட்டன.

அடுத்து 2007. அந்த ஒரே வருஷத்தில் மூன்று கல்யாணம். ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு சகாராவை வாங்கியது. கிங்ஃபிஷர், கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானில் பங்கு வாங்கி, அடுத்த வருஷம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மத்திய அரசு தன் பங்குக்கு ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. இனி மூன்று பெரிய குடும்பங்கள்தான், மற்றவர்கள் நிற்க முடியாது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள்.

என்ன ஆயிற்று? கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஏர் இந்தியா சாகவில்லை. நம் வரிப்பணத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்து, 2022 ஜனவரி 27-ல் டாடாவிடமே திரும்பிப் போனது.

இதையெல்லாம் நாங்கள் வாகைகுளத்திலிருந்தே பார்த்தோம். தூத்துக்குடி விமான நிலையத்துக்கு 2006-ல் டெக்கான் வந்தது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு கருப்பட்டிப் பெட்டியோடு நம் ஆட்கள் ஏறினார்கள். பிறகு அதுவே கிங்ஃபிஷர் ஆனது. அப்புறம் அதுவும் வரவில்லை. பின்னால் ஸ்பைஸ்ஜெட், அதற்கும் பின்னால் இண்டிகோ. ஓடுபாதை அதே இடத்தில்தான் கிடந்தது. பயணியும் அதே திசையன்விளைக்காரன்தான். மாறியதெல்லாம் வால் பக்கத்து நிறம்.

விழுங்காமல் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்களா என்றால் அதுவும் கிடையாது. மதுரை ஜவுளிக் குடும்பம் நடத்திய பாரமவுண்ட் 2005-ல் தொடங்கி 2010-ல் நின்றது. யாரையும் வாங்காத கோ ஃபர்ஸ்ட், என்ஜின் கோளாறால் பாதி விமானங்கள் முடங்கி, 2023 மே மாதம் விழுந்தது. ஆக, தனியாக இருந்தால் தப்பிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சீக்காளி இன்னொரு சீக்காளியைக் கட்டிக்கொண்டால் இருவருக்கும் குணமாகிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

ஏன் இந்தச் சேர்க்கைகள் கூடிவரவில்லை? கடன், பெட்ரோல் விலை, டாலர் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். அவையும் உண்மைதான். அவர்கள் அதிகம் பேசாத காரணம் ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரிந்த காரணம்: முதுநிலைப் பட்டியல்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் சேர்ந்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். நான் எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அலுவலகத்தில் பிரெஞ்சுக் காலத்து எழுத்தர்கள் இன்னும் இருந்தார்கள். அதில் ஒரு முசே முத்து முத்தாகப் பிரெஞ்சில் குறிப்பு எழுதுவார். அவருக்கு மேலே இருந்த கண்காணிப்பாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆங்கில விதிமுறையில் வந்தவர். பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது. இருவருக்கும் நடுவே மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. கோப்பில் இருந்ததை மொழிபெயர்த்தேன். முசே வாய்க்குள் சொன்னதை மொழிபெயர்க்கவில்லை.

நாடு சேர்ந்து பல வருஷம் ஆகியும் அந்த அறையில் இரண்டு பட்டியல்கள் உயிரோடு இருந்தன. யார் யாருக்கு மூத்தவர், யாருடைய சர்வீஸ் எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு எந்தப் படி. ஒரு பதவி உயர்வு வந்தால் போதும், நல்ல சிநேகிதர்கள் மதியச் சாப்பாட்டைத் தனித்தனியே சாப்பிடுவார்கள். வேலை கெட்டுப்போனது யாருக்கு? ஜன்னலுக்கு வெளியே மனுவோடு நின்ற ஜனங்களுக்கு.

ஏர் இந்தியாவில் நடந்ததும் அதேதான். 2007-ல் பெயரை ஒன்றாக்கினார்கள். பைலட்டுகளின் சம்பளத்தையும் பதவி வரிசையையும் ஒன்றாக்கவில்லை. 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம சம்பளம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள், புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் மற்றவர்களுக்கு ஏன் பயிற்சி என்று கேட்டு 58 நாள் போராடினார்கள். இந்த ஊழியர் வரிசையைச் சரிசெய்யவே நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு போட வேண்டியிருந்தது. கல்யாணம் 2007-ல், பாயாசம் யாருக்கு முதலில் என்ற பஞ்சாயத்து 2012-ல்.

பிரெஞ்சில் இந்தச் சேர்க்கைக்கு 'ஃப்யூஸியோன்' என்பார்கள். உலோகம் உருகுவதற்கும் அதே சொல்தான். எங்கள் ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், இரண்டு கருப்பட்டியை ஒரே ஓலைக்கொட்டானில் வைத்துக் கட்டினால் அது ஒரு கருப்பட்டி ஆகிவிடாது. பதநீராக இருக்கும்போதே ஒரே பானையில் ஊற்றிக் காய்ச்சியிருக்க வேண்டும். இறுகிய பிறகு சேர்க்க நினைத்தால் மறுபடி உருக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும், பொறுமை வேண்டும், பக்கத்திலேயே நின்று கிண்டுகிற ஆள் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களே 2004-ல் ஏர் பிரான்ஸையும் டச்சுக்காரர்களின் கே.எல்.எம்-ஐயும் சேர்த்தபோது உருக்க முயலவில்லை. மேலே ஒரே கம்பெனி. கீழே இரண்டு பெயர், இரண்டு கொடி, தனித்தனி ஊழியர்கள். அவர்களுக்குள்ளும் முறைப்பு உண்டு. ஆனாலும் இருபது வருஷம் தாண்டி இரண்டும் பறந்துகொண்டிருக்கின்றன.

டாடா எடுத்தது கடினமான வழி. 2024 அக்டோபரில் பழைய ஏர் ஏசியா இந்தியாவை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் சேர்த்தார்கள். நவம்பர் 12-ல் விஸ்தாரா, ஏர் இந்தியாவில் கரைந்தது. நான்கு பானை இரண்டானது. அதற்கு விலை கொடுத்தது யார்? அந்த ஏப்ரலில் புதிய சம்பள ஒப்பந்தம் பிடிக்காத விஸ்தாரா பைலட்டுகள் வராமல் விமானங்கள் ரத்தாயின. மே மாதம் எக்ஸ்பிரஸ் பணிப்பெண்களும் பணியாளர்களும் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று சொல்ல, வளைகுடாவுக்குப் போக வேண்டியவர்கள் கேரள விமான நிலையங்களில் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திருவனந்தபுரம் வழியாகத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிறார்கள். விசா தேதி யாருக்காகவும் காத்திருக்காது. ஊழியர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்; அந்த முசேயின் முகத்தைப் பார்த்தவன் நான். சேர்க்கையைத் திட்டமிட்டவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலையைக் கடைசி நாளுக்கு வைத்தார்கள் என்பதுதான் என் குறை.

சரி, ஆருடத்துக்கு வருவோம். டாடாவின் ஏர் இந்தியா நிற்கும் என்றே நினைக்கிறேன். பை ஆழமானது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கும் 25.1 சதவீதப் பங்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் தீரும்வரை அது ஒரே குடும்பமாக நடக்காது. இண்டிகோ நிற்கும், அதில் சந்தேகமே வேண்டாம். 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய அது, போட்டிக் கம்பெனி எதையும் விழுங்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே குடும்பத்து ஏர்பஸ் விமானங்கள், ஒரே பட்டியல், ஒரே பழக்கம். அப்புறம்தான் நம் வாகைகுளம் போன்ற ஊர்களுக்காகச் சிறிய ஏ.டி.ஆர். வாங்கியது. மற்றவர்கள் விழ விழ அந்த இடத்தை நிரப்பி, இன்று உள்நாட்டில் நூறு பேர் பறந்தால் அறுபதுக்கு மேல் அதில்தான் பறக்கிறார்கள். ஸ்பைஸ்ஜெட் சுருங்கிக் கிடக்கிறது. 2022-ல் வந்த ஆகாசா சின்னப் பிள்ளை. இவை இரண்டும் வளர்ந்து நின்றால் எல்லோரையும்விட நமக்குத்தான் நல்லது.

ஏனென்றால், யார் சாவார்கள் என்று பயந்த காலம் போய், யார் மட்டும் மிஞ்சுவார்கள் என்று பயப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது. 2025 டிசம்பர் முதல் வாரத்தைப் பார்த்தோமே. பைலட்டுகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டும் புதிய விதிக்கு இண்டிகோ ஆள் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. ஒரு கம்பெனி தடுமாறியது. தேசமே விமான நிலையத்தில் படுத்துக் கிடந்தது. மற்ற விமானங்களில் விலை தாறுமாறாக ஏற, அரசு உச்சவரம்பு போட வேண்டிவந்தது. நன்றாக நடக்கிற கம்பெனிதான். ஆனாலும் கண்மாய்க்கு ஒரே மடை இருந்தால், அது அடைத்துக்கொள்கிற அன்றைக்கு எல்லா வயலும் காயத்தானே செய்யும்?

வாகைகுளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். சந்தோஷம். கட்டடம் கட்டுகிற அக்கறையில் கால்வாசியைப் பயணியின் பணத்தில் காட்டினால் இன்னும் சந்தோஷம். நாலு மாதம் முன்னால் நாம் கட்டுகிற காசு, விமானம் பறக்கும் முன்பே கம்பெனியின் செலவுக்குப் போய்விடுகிறது. கம்பெனி விழுந்தால் வங்கிகளுக்கெல்லாம் பின்னால், வரிசையின் வாலில் நிற்கிறான் பயணி. டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பறந்த பிறகு எடுத்துக்கொள் என்று ஓர் உத்தரவு போட முடியாதா? அரசு வேலை எடுத்தவன் டெபாசிட் கட்டித்தானே எடுக்கிறான்? கம்பெனிகள் கத்தும், டிக்கெட் விலை நூறோ இருநூறோ ஏறினாலும் ஏறும். அதைக் கொடுக்க நான் தயார். எத்தனை கம்பெனி சேர்ந்தாலும் பிரிந்தாலும், என் வீட்டுக்காரி அன்றைக்கு வாசலில் நின்ற மாதிரி இன்னொருத்தி நிற்க வேண்டாம்.

பையனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள்.

"போடு தம்பி, அந்தக் கம்பெனி வைகாசி வரைக்கும் இருக்கும்" என்றேன். எழுந்து போனவனை மறுபடி கூப்பிட்டேன். "எதுக்கும் நாகர்கோவில் ரயில்லயும் ஒரு டிக்கெட் போட்டு வை. சாமி உனக்காகக் கொடையைத் தள்ளி வைக்காது."